பிறந்த ஊருக்கு முப்பது நாள்

அயல்நாட்டு நண்பர் ஒருவருக்குச் சுற்றுலா விசா எடுத்துக் கொடுக்கும் பணி 2023ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் எனக்கு வாய்த்தது. பள்ளிக்கூடத்திலே நன்னூலும் பாடற் பொழிப்பும் சொல்லிக் கொடுத்துக் காலங்கழிக்கும் ஒரு பண்டிதனுக்கு இவ்வேலையில் என்ன பழக்கம் என்று வாசகர் வியக்கலாம். எனக்கும் அது வியப்பாகவே இருந்தது. ஓலைச்சுவடியில் எழுத்து மறைந்த இடத்தையும் ஒருவாறு ஊகித்துப் படித்துவிடுவேன். கணினித் திரையிலே ஒளிர்ந்து நின்று 'இவ்விடம் நிரப்பப்படவில்லை' என்று சிவப்பெழுத்தில் அதட்டும் படிவத்தின் முன் என் படிப்பெல்லாம் கைகட்டி நின்றது.

அயல்நாட்டு நண்பர் என்று எழுதிவிட்டேன். எழுதிய பின் அச்சொல் உறுத்துகிறது. இரத்தினபுரிக்குக் கிழக்கே, பெல்மதுளைக்கு அப்பாலுள்ள ஒரு றப்பர்த் தோட்டத்திலே, நான் பிறந்த அதே லயத்தில், எங்கள் காம்பிராவுக்கு மூன்றாவது காம்பிராவிற் பிறந்தவர் அவர். 1970ஆம் ஆண்டு மாசியில் அவர். அவ்வாண்டு சித்திரையில் நான். எங்களிருவரையும் கையேந்தி வாங்கியவள் ஒரே மருத்துவச்சி. தோட்டப் பள்ளியிலே ஒரே பாயில் அமர்ந்து அரிச்சுவடி படித்தோம். பால் வெட்டு முடிந்து வாளிகள் ஸ்டோருக்குப் போனபின், மரத்தின் வெட்டுவாயிற் காய்ந்து நிற்கும் ஒட்டுப்பாலை உரித்து உருட்டிப் பந்தாக்கி ஆடினோம். இத்தகைய ஒருவனை 'அவர்' என்று தொடர்ந்து எழுதக் கை வரவில்லை. இனி அவன் என்றே எழுதுகிறேன்.

1982ஆம் ஆண்டு அவன் போனான். அப்போது எங்களுக்குப் பன்னிரண்டு வயது.

ஏன் போனான் என்பதை இக்கால மாணவர்க்குச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. என் வகுப்பிலே இதைக் கேட்டால், பாட்டன் பாட்டிமார் இந்தியாவுக்குப் போனார்கள் என்ற அளவில் விடை வருகிறதேயன்றி, காரணம் வருவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கிற்று. அதே ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமே குடிவரவு குடியகல்வு பற்றியது. விசா, அனுமதி, தங்கும் காலம் என்னும் சொற்களெல்லாம் எங்கள் வாழ்விற் புகுந்த வாயில் அது. பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 பேர் என்று மதிப்பிடப்பட்டவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் தத்தம் குடிகளாக ஏற்பதென்று முடிவாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று வைத்து, 1974ஆம் ஆண்டிற் பேசி, 75,000 வீதம் இரண்டாகப் பிரித்துக் கொண்டனர். இவ்வெண்களைக் கரும்பலகையில் எழுதும்போது கூட்டற் கணக்குச் சரியாக வருகின்றது. மாணவர்களும் சரிபார்த்து மகிழ்கின்றனர்.

விண்ணப்பங்கள் 1968 முதல் 1970 வரை கோரப்பட்டன. என் தந்தையாரும் அவன் தந்தையாரும் ஒரே நாளில், ஒரே பஸ்ஸிலே சென்று, ஒரே மரத்தடியில் இருந்த ஒரே எழுத்தரிடம் படிவம் நிரப்பினர் என்று என் அன்னையார் சொல்வார். ஒருவர் இலங்கைக்கு எழுதினார். மற்றவர் இந்தியாவுக்கு எழுதினார். இதற்கு அரசியற் காரணம் ஏதும் இல்லை. அவன் தந்தையாருக்குத் துறையூர்ப் பக்கத்திலே அரை ஏக்கர் மானாவாரி நிலத்திற் பங்கு இருந்ததாக ஒரு நம்பிக்கை இருந்தது. என் தந்தையாருக்கு அத்தகைய நம்பிக்கை ஒன்றும் இல்லை. அவ்வளவே. நான் இன்று இந்நாட்டுக் குடிமகனாக இருந்து இக்கட்டுரையை எழுதுவதும், அவன் வேற்று நாட்டானாக இருந்து விசா கேட்டதும் அந்த அரை ஏக்கரிற் பிறந்த வேறுபாடு. துறையூரிற் போய்ப் பார்த்தபோது அந்நிலத்தைப் பங்காளிகள் எப்போதோ விற்றுத் தின்றிருந்தனராம்.

இந்தியக் கடவுச்சீட்டு வந்த பின்னும் அவன் தந்தையார் போகாமலே காலம் கடத்தினார். அடுத்த தீபாவளி, அடுத்த சம்பளம், மூத்த மகளின் கலியாணம் என்று தவணை தள்ளிக்கொண்டே வந்தது. 1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இரத்தினபுரி, காவத்தைப் பகுதித் தோட்டங்களிலே வன்செயல் நிகழ்ந்தது. எங்கள் இரு குடும்பங்களும் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர் ஒருவருடைய வீட்டுப் பின்கட்டிலே இரண்டு இரவு ஒளிந்திருந்தன. அவ்வீட்டு அம்மாள் பலாக்கொட்டை அவித்துத் தந்தாள். மூன்றாம் நாள் லயத்துக்குத் திரும்பியபோது கூரைத் தகரம் இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. அதன்பின் அவன் தந்தையார் தவணை சொல்லவில்லை.

ஆனால் எல்லோரும் போகவில்லை. மூத்த மகள், நாங்களிருவரும் அக்கா என்று அழைத்தவள், இலங்கைக்கு எழுதிய ஒரு வீட்டிலே வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் பெயரோ தந்தையாரின் இந்திய விண்ணப்பத்தில் இருந்தது. கணவன் இந்நாட்டான், மனைவி அந்நாட்டாள் என்று தாள் சொல்லிற்று. அவள் கணவனோடு நின்றாள். கொழும்புக் கோட்டையிலே தலைமன்னார்க் கோச்சி புறப்பட்டபோது சன்னலைப் பிடித்தபடி மேடையின் முடிவுவரை ஓடியவள் அவளே. நானும் என் தந்தையாரோடு வழியனுப்பச் சென்றிருந்தேன். அவன் என்னிடம் ஒட்டுப்பாற் பந்தைக் கொடுத்துவிட்டுப் போனான். வேறு எதையும் கொண்டுபோகலாம், றப்பர் கொண்டுபோனால் சுங்கத்தில் பிடிப்பார்கள் என்று யாரோ அவனை அச்சுறுத்தியிருந்தார்களாம்.

தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' என்னும் கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம், துறையூர் ஏமாற்றம், பின் நீலகிரியிலே கூடலூர். தாயகம் திரும்பியோர்க்கென்றே தமிழ்நாட்டரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை வளர்த்திருந்தது. வாழ்நாளெல்லாம் றப்பர் மரத்திற் கத்தி வைத்த கை, அந்தக் குளிரிலே கவ்வாத்துக் கத்தி பிடிக்கப் பழகிற்று. இங்கே எங்களை இந்தியாக்காரர் என்பார்கள். அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்றார்களாம். 1984ஆம் ஆண்டு கப்பலும் நின்றது. கடிதங்கள் முதலில் அருகின; பின் நின்றன.

நாற்பது ஆண்டு கழிந்து, என் பழைய மாணவி ஒருத்தியின் உறவினர் வழியாக அவன் குரல் வட்ஸ்அப்பில் வந்தது.

"வாத்தியாரா ஆயிட்டியாமே! என்னால நம்பவே முடியலடா" என்றான்.

அவன் ஜீப்பு ஓட்டுகிறான். தாய் தந்தையர் இருவரும் கூடலூர் மண்ணிலே அடங்கிவிட்டனர். மகள் தாதியாகி வெளிநாட்டிலே சம்பாதிக்கிறாள். பயணச் செலவுக்கு அவளே பணம் அனுப்பியிருக்கிறாள். அக்காவைப் பார்க்க வேண்டும், பிறந்த லயத்தைப் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் சொல்லிவிட்டு, "நாகப்பட்டினத்துல இருந்து கப்பல் விடப்போறாங்களாமே, அதுல வரட்டா?" என்றும் கேட்டான். கப்பலிலே போனவன் கப்பலிலேயே திரும்ப விரும்பியது எனக்கு விளங்கிற்று. ஆயினும் அக்கப்பல் காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கியது அவன் வந்துபோன பிறகு, 2023 ஒக்டோபர் 14ஆம் நாளன்று. அன்றியும், காங்கேசன்துறை எங்கே, இரத்தினபுரி எங்கே! திருச்சியிலிருந்து விமானத்தில் வா என்றேன்.

முதற் பணி விசா அன்று; கடவுச்சீட்டு. போகும்போது அவன் தந்தையாரின் கடவுச்சீட்டிலே ஒரு வரியாகப் போனவன். தன் பெயரிலே ஒன்று எடுக்கப் பிறப்புச் சான்று வேண்டும் என்றார்கள். பிறந்தது இங்கேயாதலின், அதை எடுத்தனுப்பும் கடமை என்னுடையதாயிற்று. பதிவேட்டுப் பிரதியை வாங்கிப் பார்த்தேன். சிங்கள எழுத்திலே அவன் பெயர் இருந்தது. இனம் என்ற நிரலிலே இந்தியத் தமிழர் என்று இருந்தது. தமிழ்ப் பெயர் சிங்கள எழுத்திற் புகுந்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் கையால் ஆங்கில எழுத்துக்கு மாறி வெளிவந்தபோது, ஒரு ழகரம் லகரமாகி, ஓர் ஒற்று உதிர்ந்து, ஈற்றில் ஒரு புதிய உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. புணர்ச்சி விதியிலே தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரம் படித்திருக்கிறோம். மூன்றையும் ஒரே பெயரில் அன்றுதான் கண்டேன்! கூடலூரிலே தகப்பனாரின் பழைய இந்தியக் கடவுச்சீட்டைத் தகரப் பெட்டியில் அவன் பத்திரமாக வைத்திருந்ததால் காரியம் நடந்தது. எட்டு மாதம் சென்று புதிய கடவுச்சீட்டு கைக்கு வந்தது.

இனி விசா. இச்சொல் இலத்தீன் வழி வந்தது. 'பார்க்கப்பட்டது' என்பது பொருள். தாளை அதிகாரி பார்த்துவிட்டார் என்னும் குறிப்பே தொடக்கத்தில் விசா. நம் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்திலே புலிப்பொறி இட்டதைப் பேசுகிறது. அது பொருள்களுக்கு இட்ட பொறி. ஆளுக்கு முத்திரை கொடுப்பதை அர்த்தசாத்திரம் கூறுகிறது. அதற்கென ஓர் அத்தியட்சரை நியமித்து, முத்திரை ஒன்றுக்கு ஒரு மாஷகம் கட்டணமும் விதித்தார் கௌடிலியர். எங்கள் முன்னோர் பெற்ற முத்திரையோ வேறு வகை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத் துரைமார் தகரச் சீட்டு முறையை ஏற்படுத்தினர். தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லையைக் கயிற்றிற் கோத்துக் கழுத்திலே மாட்டினர். அதைப் பெறுவதற்குப் படிவம் இல்லை. பெயருக்கு எத்தனை எழுத்து என்று யாரும் கேட்கவில்லை. வருகையின் நோக்கமும் கேட்கப்படவில்லை. அழைத்தவர்க்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

நூற்றாண்டு கழிந்து, 2012 ஜனவரி முதலாக இலங்கைக்கு வரும் சுற்றுலாப் பயணியர் பெரும்பாலும் மின்னணுப் பயண அனுமதி பெற்றே வருகின்றனர். தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. கணினி வழியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பவர் தாமேயன்றி, அவர்பொருட்டு வேறொருவரும் விண்ணப்பிக்கலாம் என்பது இதன் நற்கூறு. அந்த 'வேறொருவர்' நானானேன். பலகையில் தொடர்பாடல் நிலையம் என்றும், மக்கள் வாயிற் கொமினிகேஷன் என்றும் வழங்கும் ஒரு சிறு கடை இரத்தினபுரிப் பஸ் நிலையத்துக்கு அருகே இருக்கிறது. அதை நடத்தும் இளைஞன் என்னிடம் பத்தாம் வகுப்பிலே தமிழ் படித்தவன். அகலக் கட்டையிலே விரலோட்டுவதில் அவன் எனக்கு ஆசிரியன். ஒரு சனிக்கிழமை மாலை இருவரும் அமர்ந்தோம்.

முதல் வினா குடும்பப் பெயர். அவன் இந்தியக் கடவுச்சீட்டிலே அவ்விடம் வெறுமையாக இருந்தது. தந்தை பெயரும் தன் பெயரும் சேர்ந்து ஒரே வரியில் நின்றன. படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் நகர மறுத்தது.

"சேர், இதுல ஏதாவது போடத்தான் வேணும்" என்றான் மாணவன்.

தமிழனுக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயரை முன்னிறுத்தி மகன் பெயரைச் சேர்த்துச் சொல்வது நம் மரபு. சாத்தனுக்கு மகன் கொற்றன் ஆனால் அவன் சாத்தங்கொற்றன். இப்புணர்ச்சிக்குத் தொல்காப்பியமே விதி வகுத்திருக்கிறது, புள்ளிமயங்கியலிற் காணலாம். இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்க, மாணவன் பணிவாகக் கேட்டிருந்துவிட்டு, "அப்ப சாத்தனை மேல போடட்டா, கொற்றனை மேல போடட்டா?" என்றான். இத்துணை நறுக்காகத் தொல்காப்பியத்தைப் பயன்கொண்ட மாணவன் எனக்கு இதற்குமுன் வாய்த்ததில்லை. கூடலூருக்குத் தொலைபேசியிற் பேசி, அவன் பயணச்சீட்டிலே பெயர் எப்படி நிற்கிறதோ அப்படியே இங்கும் நிற்கட்டும் என்று முடிவு செய்தோம். இரண்டு தாளிலும் எழுத்து ஒத்திருந்தாற் போதும் என்பது மாணவனின் துணிபு. அது சரியாகவே முடிந்தது.

அடுத்தது நாட்டுரிமை: இந்தியா. அதன்பின் பிறந்த நாடு. நாடுகளின் நீண்ட பட்டியல் திரையில் இறங்கிற்று. அவன் பிறந்த 1970இலே இந்நாட்டின் பெயர் சிலோன். 1972 மே 22இல் ஸ்ரீலங்கா ஆயிற்று. பட்டியலில் ஸ்ரீலங்கா மட்டுமே உண்டு. சுட்டியை அதன்மேல் நிறுத்திவிட்டு மாணவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"இவர் இங்கயே பிறந்தவரா, சேர்? அப்ப எதுக்கு விசா?"

இருபத்தாறு வயது இளைஞன், தோட்டத்திலே பிறந்தவன். மேலே நான் எழுதிய சட்டமும் உடன்படிக்கையும் எண்களும் அவனுக்கு அங்கே, அந்தக் கடையிலே, கடன் அட்டைக்கும் போட்டோப் பிரதிக்கும் வந்தவர்கள் காத்து நிற்க, நான் சொன்னவை. வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி, "எங்க அண்ணன்மார் மூணு பேரும் அப்படித்தான் போனாங்க, ஐயா" என்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பின்னர் வருகையின் நோக்கம். இங்கேதான் எங்களுக்குள் ஒரு சிறு வழக்கு நேர்ந்தது. இயற்கைக் காட்சி காணல் அல்லது விடுமுறை கழித்தல் என்பது ஒரு தெரிவு. நண்பர் உறவினரைக் காணல் என்பது இன்னொன்று. மருத்துவம், விளையாட்டு, கலைநிகழ்ச்சி என்று மேலும் சில. சுற்றுலா அனுமதியிலே இவையெல்லாம் அடங்கும். மாணவன் காட்சி காணல் என்பதைத் தொடப் போனான். எல்லோரும் அதையே போடுகிறார்கள், கேள்வி குறைவு என்றான். நான் தடுத்தேன். உறவினர் என்று போட்டால் எந்த உறவு, அவர் ஏன் இங்கே, நீ ஏன் அங்கே என்று விமான நிலையத்தில் விசாரிப்பார்களோ என்ற அச்சம் எனக்கும் இல்லாமலில்லை. எங்கள் சனத்துக்குப் படிவம் என்றாலே உள்ளங்கை வியர்ப்பது பரம்பரை வழக்கம். ஒரு கட்டத்திலே இட்ட ஒரு கோட்டால் ஒரு குடும்பம் இரண்டானதைக் கண்டவன் நான். இருந்தும், உடன்பிறந்தவளைக் காண வருகிறவன் அருவியும் யானையும் காண வருவதாக என் கையால் எழுத மனம் ஒப்பவில்லை. உறவினரைக் காணல் என்றே தொடச் சொன்னேன். தொட்ட பின் ஓர் இரவு எனக்கு உறக்கமில்லை என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும்.

இலங்கையில் தங்கும் முகவரி என்பது கடைசித் தடை. அக்கா இருப்பது இன்னும் லயத்தில்தான். லயக் காம்பிராவுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் வந்தால் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து கைமாறி வரும். சில வேளை வராமலும் போகும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கிடைத்து வேலை இழந்த பிள்ளைகளை நான் அறிவேன். வீட்டெண், வீதி, நகரம் என்று கேட்கும் படிவத்துக்கு 'மேற்பிரிவு, ஐந்தாம் லயம்' என்பது விளங்குமா? இரத்தினபுரி நகரத்திலுள்ள என் வீட்டு முகவரியை எழுதினேன்.

டொலரிலே கட்டணம். என்னிடம் அதற்குரிய அட்டை இல்லை, மருமகன் உதவினான். அனுப்பியது சனிக்கிழமை மாலை. ஞாயிறு மாலை மறுமொழி வந்துவிட்டது. அனுமதி வழங்கப்பட்டது, முப்பது நாள் தங்கலாம், அக்காலத்துள் இருமுறை நுழையலாம் என்று இருந்தது. மாணவன் அதை அச்சிட்டுத் தந்து, காசு வாங்க மறுத்தான். நான் அதைக் கூடலூருக்குப் படமெடுத்து அனுப்பினேன். சிறிது நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அவன் குரல்: "முப்பது நாள் குடுத்துட்டாங்கடா."

இவ்விடத்தில் மாணவர்க்கு ஒரு குறிப்பு. விசா விதிகள் ஆற்று மணல்போல இடம் மாறுவன. அவன் வந்து சில மாதத்திலேயே, 2023 நவம்பரில், இந்தியா உள்ளிட்ட ஏழு நாட்டவர்க்குக் கட்டணமின்றி அனுமதி என்று அறிவித்தனர். 2024 ஏப்ரலில் முறையே மாறி வெளியார் நிறுவனத்திடம் சென்றது. ஓகஸ்டிலே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பழைய முறை திரும்பிற்று. ஆகவே நான் எழுதியதை வழிகாட்டியாகக் கொண்டு யாரும் விண்ணப்பிக்க வேண்டா. அன்றன்றைய விதியைக் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்க. கடவுச்சீட்டு ஆறு மாதமேனும் செல்லுபடியாக இருத்தல், திரும்பும் பயணச்சீட்டு, கைச்செலவுக்குப் பணம் ஆகிய மூன்றும் மட்டும் எக்காலத்தும் கேட்கப்படுவன.

ஆடி மாதம் அவன் கட்டுநாயக்காவில் இறங்கினான். மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டென்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் கால்நடையாக நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. வெளியே காத்து நின்ற என்னை அவன் அடையாளம் காணவில்லை. நானும் அவனைக் காணவில்லை. தலை நரைத்த இருவர் கம்பியின் இருபுறமும் நின்று, ஒருவரையொருவர் தாண்டி வேறெவரையோ தேடிக்கொண்டிருந்தோம். கைத்தொலைபேசி ஒலித்த பின்னரே இருவரும் சிரித்தோம்.

நான் அஞ்சிய விசாரணை நடந்ததா என்று வண்டியில் ஏறியதும் கேட்டேன். நடந்ததாம். அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டி, பிறந்த இடம் இரத்தினபுரி என்பதிலே விரலை வைத்து, நிமிர்ந்து பார்த்து, சிங்களத்திலே, "கெதர ஆவத?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்தாயா என்பது பொருள். நாற்பத்தோராண்டிலே சிங்களம் முழுவதையும் மறந்திருந்தவனுக்குக் கெதர என்ற அந்த ஒரு சொல் மட்டும் விளங்கிற்றாம். ஆம் என்று தலையாட்டினானாம். முத்திரை விழுந்தது.

தோட்டத்துக்கு மறுநாட் காலை சென்றோம். நாங்கள் ஏறி விளையாடிய மரங்கள் இல்லை. அவற்றை வெட்டி மறுநடுகை செய்து, அந்த மரங்களும் இப்போது முதிர்ந்துவிட்டன. பிரட்டுக்களம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மாடி வந்திருக்கிறது. லயம் மட்டும் அதே லயம். கூரைத் தகரம் புதிது. அவன் பிறந்த காம்பிராவிலே வேறு குடும்பம். அவ்வீட்டுப் பெண் உள்ளே வந்து பார்க்கச் சொன்னாள். அவன் வாசற்படியிலேயே நின்று, நிலைக்கல்லின் இடப்பக்கத்திலே குனிந்து எதையோ தடவினான். கத்தி தீட்டித் தீட்டித் தேய்ந்த பள்ளம். அவன் தந்தையாருடைய பால்வெட்டுக் கத்தி.

அக்கா ஐந்தாம் லயத்தின் முன்னே நின்றாள். கணவர் காலமாகி ஆறாண்டு. இப்போது அறுபத்தொரு வயது. 1982இலே இந்நாட்டில் நின்றவளுக்கு இந்நாட்டுக் குடியுரிமை கிடைத்தது, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின். இடையில் இருபத்தோராண்டு அவள் எந்த நாட்டாள் என்று கேட்டால் எந்தத் தாளிலும் விடை இல்லை. தாய் இறந்தபோது போக வழியில்லை. தந்தை இறந்தபோதும் இல்லை. தம்பியைக் கண்டதும் அழுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவள் அழவில்லை. அவன் முகத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்ட முதற் கேள்வி, "எத்தன நாள் குடுத்திருக்கான்?" என்பது.

"முப்பது, அக்கா. லீவு இருபதுதான்."

"இருபது பேரா" என்றாள். தோட்டத்திலே ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். அவளுக்கு நாள் எண்ணத் தெரிந்த வகை அது.

அந்த இருபது நாளையும் நான் இங்கு எழுதப் போவதில்லை. அவை அவர்களுடையவை. சமன் தேவாலயத்துக்கு ஒருநாள் போனார்கள். ஒளிந்திருந்த வீட்டைத் தேடி ஒருநாள் மூவருமாகப் போனோம். அந்த அம்மாள் இல்லை, மகன் இருந்தார், பலாமரம் இருந்தது. நான் வைத்திருந்த ஒட்டுப்பாற் பந்தை எடுத்துக் காட்டினேன். காய்ந்து கருத்து வெடித்துக் கல்லாகியிருந்தது. இதையா நாற்பது வருஷம் வைத்திருந்தாய் என்று அவன் ஏசினான். போகும்போது பையிலே போட்டுக்கொண்டு போனான். சுங்கத்தில் யாரும் பிடிக்கவில்லையாம். அனுமதியில் எஞ்சிய பத்து நாளும், பயன்படாத இரண்டாம் நுழைவும் ஆவணியிலே தாமாகக் காலாவதியாயின.

இப்போது வேறொரு படிவம் என் மேசைமேல் இருக்கிறது. தாயும் தகப்பனும் கிடக்கும் மண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். பத்தரமுல்லைக்கு அழைத்துச் சென்று அவளுக்குக் கடவுச்சீட்டு எடுத்தாயிற்று. இந்தியாவுக்கு இலங்கையர் மின்விசா பெறலாம். அப்படிவம் நம்முடையதைவிட நீளமானது. தந்தையின் நாட்டுரிமை, அவருடைய முந்தைய நாட்டுரிமை, அவர் பிறந்த ஊர், தாய்க்கும் அவ்வாறே என்று கேட்டுக்கொண்டே போகிறது. தந்தை பிறந்தது இதே தோட்டம், இறந்தது இந்தியனாக. இவையெல்லாம் எப்படியோ நிரப்பிவிட்டேன். அக்காவின் இலங்கைக் குடியுரிமை பிறப்பால் வந்ததா, பின்னர் பெற்றதா என்று ஒரு கட்டம் இருக்கிறது. பிறந்தது இங்கே; உரிமை வந்தது நாற்பத்தோராம் வயதிலே. இரண்டில் ஒன்றைத்தான் தொடலாம்.

"அதுல என்னாண்ணு போடப் போற, தம்பி?" என்று அவள் நேற்றும் கேட்டாள். சனிக்கிழமை மாணவனின் கடைக்குப் போக வேண்டும்.